கண் எரிச்சலுக்குச் சாப்பாடு காரணமா?

மாதக்கணக்கில் கண் எரிகிறது. மருத்துவர் பார்த்துவிட்டு, பார்வை சரியாக இருக்கிறது, கண்ணழுத்தம் சரியாக இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடுகிறார். சொட்டு மருந்து மாற்றியாயிற்று, கண்ணாடி மாற்றியாயிற்று. எரிச்சல் மட்டும் போகவில்லை. இந்தக் கட்டத்தில் பெரும்பாலோரின் சந்தேகம் சாப்பாட்டின் மேல் விழுகிறது. நேற்றுத் தின்ற கத்தரிக்காயா, முந்தாநாள் பரோட்டாவா, பால்தான் ஒத்துக்கொள்ளவில்லையோ என்று ஒவ்வொன்றாகத் தட்டைவிட்டு விலகத் தொடங்கும். சந்தேகப்படுவதில் தவறில்லை. உணவால் கண் எரிபவர்கள் உண்டு. ஆனால் சந்தேகப்படுகிறவர்களோடு ஒப்பிட்டால் உண்மையிலேயே உணவால் எரிபவர்கள் மிகக் குறைவு. ஆகவே இந்த அத்தியாயம் சொல்ல வருவது இதுதான்: முதலில் கண்ணின் மேற்பரப்பையும் இமையையும் பாருங்கள், அடுத்து, கண்ணில் படும் காற்றைப் பாருங்கள், உணவைக் கடைசியில் பாருங்கள். அப்போதும் வெறும் சந்தேகத்தின் பேரில் எதையும் விலக்காதீர்கள். சந்தேகம் தப்பு என்றால் அது தப்பு என்று வெளிப்பட்டுவிடும்படியான ஒரு சோதனையை நடத்தி, அதன் பிறகு விலக்குங்கள்.

இந்த வரிசைக்குக் காரணம், எரிச்சல் பிறக்கும் இடத்தில் இருக்கிறது. விழியின் மேல் ஏறத்தாழ 3 மைக்ரான் தடிமனில் கண்ணீர்ப் படலம் எப்போதும் படர்ந்திருக்கிறது. அடியில் வழவழப்பான சளிப்பொருள், நடுவில் நீர், மேலே மெல்லிய எண்ணெய். நீர் ஆவியாகிப் போகாமல் காப்பது அந்த எண்ணெய்தான். அதைச் சுரப்பவை இமை விளிம்பில் வரிசையாக அமைந்த மைபோமியன் சுரப்பிகள். மேல் இமையில் மட்டும் 25 முதல் 40 வரை இருக்கும். எண்ணெய் குறைந்தாலும் கெட்டித்தாலும் ஒரு சிமிட்டலுக்கும் அடுத்த சிமிட்டலுக்கும் இடையிலேயே படலம் கிழிந்துவிடுகிறது. கிழிந்த இடத்தில் கருவிழி நேராகக் காற்றைச் சந்திக்கிறது. கருவிழியின் நரம்பு நுனிகளோ தோலில் இருப்பதைவிட நூற்றுக்கணக்கான மடங்கு நெருக்கமானவை. அவற்றில் உள்ள ஒருவகை உணர்வேற்பி சூட்டுக்கும் மிளகாய்க் காரத்துக்கும் ஒன்றுபோலவே தூண்டப்படுகிறது. டிஆர்பிவி1 எனப்படும் அந்த ஏற்பியைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021-ல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். நமக்கு இதிலிருந்து தேவைப்படுவது ஒன்றுதான். கண் உலர்ந்தாலும், இமை அழற்சி கண்டாலும், சோப்பு பட்டாலும், புகை பட்டாலும் அந்த நரம்புகள் தெரிவிப்பது ‘எரிகிறது’ என்பது மட்டுமே. “உள்ளேயிருந்து எரிகிறது, அதனால் உடம்புக்குள் போன ஏதோ ஒன்றுதான் காரணம்” என்று தோன்றுவது இயல்பு; ஆனால் எரிச்சல் எப்படி இருக்கிறது என்பதை வைத்து அது எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிட முடியாது.

ஒரே ஒரு வேறுபாடு மட்டும் ஓரளவு கைகொடுக்கும்: அரிக்கிறதா, எரிகிறதா? ஒவ்வாமை கண்ட கண்ணின் முதல் புகார் அரிப்பு, கசக்காமல் இருக்கவே முடியாத அரிப்பு. பார்த்தீனியம், சீமைக்கருவேலம் போன்றவற்றின் மகரந்தமும் மெத்தைத் தூசியில் வாழும் நுண்ணுண்ணிகளும் கொண்டுவருவது இதைத்தான். அரிப்பு அதிகமில்லாமல் எரிச்சலும் மணல் விழுந்த உறுத்தலும் முன்னால் நின்றால், கண் வறட்சியையும் இமை அழற்சியையும் முதலில் நினைக்க வேண்டும். உணவு ஒவ்வாமைக்கு என்று ஒரு தனி நடை உண்டு. சாப்பிட்ட சில நிமிடங்களில், பெரும்பாலும் இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடும். தோலில் தடிப்பு, உதடும் இமையும் வீங்குதல், வாந்தி, மூச்சிரைப்பு என்று கூட்டமாக வரும். கண்ணும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்து சிவக்கலாம். வேறு எதுவுமே இல்லாமல் கண் மட்டும் மாதக்கணக்கில் எரிவது அந்த நடையில் சேராது. இங்கேயே ஒரு எச்சரிக்கையைச் சொல்லிவிட வேண்டும்: ஏதாவது ஒரு உணவுக்குப் பிறகு தடிப்பு, உதட்டு வீக்கம், மூச்சுத் திணறல் ஒருமுறையேனும் வந்தவர்கள் பின்னால் வரும் வீட்டுச் சோதனையைத் தொடவே கூடாது. அடுத்த முறை உயிருக்கே ஆபத்தாகலாம். அவர்கள் போக வேண்டியது ஒவ்வாமை மருத்துவரிடம்.

மற்றவர்கள் முதலில் செய்ய வேண்டியது மிக எளிது. பகல் வெளிச்சத்தில் உட்கார்ந்து, பார்வையைக் கீழே தாழ்த்திக்கொண்டு, மேல் இமை முடிகள் முளைக்கும் இடத்தை வீட்டில் ஒருவரிடம் சொல்லி ஃபோன் கேமராவில் கிட்டத்தில் படமெடுங்கள். முடியின் அடியைச் சுற்றி, மோதிரம் மாட்டியதைப் போல மெழுகுநிறப் பொருக்கு தெரிந்தால் அது டெமோடெக்ஸ் என்னும் கண்ணுக்குத் தெரியாத உண்ணியின் அடையாளம். கண் மருத்துவரிடம் அந்தப் படத்தையே காட்டலாம். இமை விளிம்பு தடித்துச் சிவந்திருக்கிறதா, ஓரத்தில் வெண்ணுரை ஒதுங்குகிறதா, சுரப்பி வாய்களில் சிறு புள்ளிகளாக எண்ணெய் அடைத்து நிற்கிறதா என்றும் பாருங்கள். நல்ல நிலையில் அந்த எண்ணெய் தெளிவாக, நீர்த்து ஓடும். கெட்டால் மார்கழிக் காலையில் உறைந்த தேங்காய் எண்ணெய் போல வெள்ளையாகக் கெட்டித்து நிற்கும். அதை உருக்கச் சூடுதான் வேண்டும், எந்தப் பத்தியத்தாலும் உருகாது. அடுத்தது நேரம். கண் விழிக்கும்போதே எரிந்தால் இமை அழற்சியையோ, தூக்கத்தில் இமை முழுதாக மூடாமல் மின்விசிறிக் காற்று இரவெல்லாம் கண்ணில் அடித்ததையோ சந்தேகிக்கலாம். காலையில் சுகமாக இருந்து மாலையில் கூடினால் வறட்சியும் திரையும் முன்னுக்கு வரும். 1993-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அலுவலக ஊழியர்களின் இமைச் சிமிட்டலை எண்ணிப் பார்த்தார்கள்: சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 22, புத்தகம் படிக்கும்போது 10, கணினித் திரையைப் பார்க்கும்போது 7. நாள் முழுக்கத் திரை முன்னால் இருந்துவிட்டு, சாயங்காலம் தின்ற வடையைக் குற்றம் சொல்வது வடைக்கு நியாயமில்லை.

மருந்துகளையும் இதே இடத்தில் கவனிக்க வேண்டும். அலர்ஜி என்று தாங்களே முடிவு செய்து தினமும் செட்டிரிசின் விழுங்குகிறவர்கள் நம்மிடையே ஏராளம். ஒவ்வாமை எதிர்ப்பு மாத்திரைகள் கண்ணீர்ச் சுரப்பைக் குறைக்கக்கூடியவை. அலர்ஜியே இல்லாதவர் அலர்ஜி மாத்திரையால் கண்ணை உலர்த்தி, உலர்ந்த கண் எரிவதைப் பார்த்து அலர்ஜி முற்றிவிட்டது என்று பயந்து இன்னொரு உணவை நிறுத்துகிற சுழல் இப்படித்தான் உருவாகிறது. அமிட்ரிப்டிலின் போன்ற சில மனநல, வலி மாத்திரைகளும், முகப்பருவுக்குத் தரும் ஐசோட்ரெட்டினாயினும் கண்ணை உலர்த்தும். இவற்றில் எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் கண் எரிச்சலைச் சொல்லிக் கேளுங்கள். சொட்டு மருந்துகளிலும் பார்க்க வேண்டியது உண்டு. பாட்டிலில் வரும் பல சொட்டு மருந்துகளில் கெடாமல் இருக்கச் சேர்க்கும் பென்சால்கோனியம் குளோரைடு, அடிக்கடி போடும்போது கருவிழியின் மேல்தோலையே புண்ணாக்கும். ஒரு நாளைக்கு நான்கு தடவைக்கு மேல் செயற்கைக் கண்ணீர் தேவைப்படுகிறவர்கள் பதப்பொருள் இல்லாத வகையைக் கேட்டு வாங்க வேண்டும். மருந்துக் கடையில் சீட்டில்லாமல் கிடைக்கும் ஸ்டீராய்டு சொட்டு இரண்டே நாளில் எரிச்சலை அடக்கிவிடும். தொடர்ந்து போட்டால் கண்ணழுத்த நோயையும் புரையையும் கொண்டுவரும். நாமாக வாங்கிப் போடுவதற்கான மருந்து அது இல்லவே இல்லை.

“எல்லாச் சோதனையும் செய்தாயிற்று, எதுவுமே இல்லை என்றார்கள், அப்படியானால் மிஞ்சுவது சாப்பாடுதானே?” என்பது நியாயமாகத் தோன்றும் வாதம். எந்தச் சோதனைகள் செய்தார்கள் என்று முதலில் கேட்க வேண்டும். பார்வை அட்டை, கண்ணழுத்தம், விழித்திரைப் பரிசோதனை ஆகிய மூன்றுமே எரிச்சலைப் பற்றி எதுவும் சொல்லாது. தேவையானவை வேறு. சாயச் சொட்டுப் போட்டுக் கண்ணீர்ப் படலம் எத்தனை வினாடியில் உடைகிறது என்று பார்ப்பது ஒன்று. 10 வினாடிக்குள் உடைந்தால் படலம் நிலையாக இல்லை என்று கொள்வார்கள். இமைக்குள் காகிதப் பட்டையைச் செருகி 5 நிமிடத்தில் எவ்வளவு நனைகிறது என்று அளக்கும் ஷிர்மர் சோதனை இன்னொன்று. இமையை லேசாக அழுத்தி எண்ணெய் எப்படி வருகிறது என்று பார்ப்பதும், மேல் இமையைப் புரட்டிப் பார்ப்பதும் மற்றவை. இவற்றைப் பெயர் சொல்லிக் கேட்பதற்கு நோயாளிக்கு உரிமை உண்டு. இவை எல்லாமே சரியாக இருந்தும் எரிகிறவர்கள் சிலர் இருக்கிறார்கள். கண் வறட்சியில் நோயாளி படும் பாடும் கருவியில் தெரியும் சேதமும் பல நேரங்களில் பொருந்துவதில்லை என்பது மருத்துவ உலகம் ஒப்புக்கொண்ட உண்மை. 2017-ல் வெளியான பன்னாட்டு வல்லுநர் குழுவின் வரையறை நரம்புணர்வுக் கோளாறையும் வறட்சி நோயின் காரணங்களில் ஒன்றாகவே சேர்த்துக்கொண்டது. நரம்பே கோளாறு அடைந்து, புண் இல்லாமலே எரிச்சலைச் சொல்லிக்கொண்டிருக்கலாம். மருத்துவமனையில் மரப்புச் சொட்டு ஒன்று போட்டுப் பார்த்து, எரிச்சல் நிற்கிறதா, நிற்காமல் தொடர்கிறதா என்று மருத்துவர் இதை ஓரளவு பிரித்தறிவார். வாய் வறட்சியும் மூட்டு வலியும் கூட இருந்தால் ஷோக்ரன் நோய்க்கும், படபடப்பும் எடைக் குறைவும் இருந்தால் தைராய்டுக்கும் சோதனை வேண்டும். ‘ஒன்றுமில்லை’ என்பதற்கும் ‘உணவுதான்’ என்பதற்கும் நடுவே இத்தனை வாசல்கள் இருக்கின்றன.

உணவு குற்றவாளியாகத் தெரிவதற்கு இன்னொரு காரணம், அது வயிற்றுக்குப் போகும் முன்பே கண்ணைத் தொட்டுவிடுகிறது என்பது. காய்ந்த மிளகாயைத் தாளிக்கும்போது எழும் நெடியில் இருப்பது கேப்சைசின். மேலே சொன்ன ஏற்பியை நேராகத் தூண்டுவது அதுதான். வெங்காயம் நறுக்கும்போது உடைந்த செல்களிலிருந்து கிளம்பும் கந்தக ஆவி கண்ணீரில் கரைந்து எரிக்கிறது. விறகடுப்பின் புகை கண்ணுக்குச் செய்வதைச் சொல்ல வேண்டியதே இல்லை. மிளகாய் கிள்ளிய விரல் கழுவிய பிறகும் இமையில் பட்டால் எரியும். மீன் வறுத்த நாளெல்லாம் கண் எரிகிறது என்றால், மீனைக் குற்றம் சொல்லும் முன், மிளகாய்த்தூள் காய்ந்த எண்ணெயில் விழும்போது அடுப்பருகே நின்றவர் யார் என்று பார்க்க வேண்டும். அதே மீனை வேறொருவர் சமைத்து, அல்லது வேறு வீட்டில் சாப்பிட்டு எரியவில்லை என்றால் விடை கிடைத்துவிடும். வீட்டில் சமைப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். மாதவிடாய் நிற்கும் வயதில் கண் வறட்சி கூடுவதும் அவர்களுக்கே. இந்த இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்போது அவர்களிடம் “வாயைக் கட்டு” என்று சொல்வது தீர்வாகாது. அடுக்களையில் புகைபோக்கி விசிறி வைப்பதும், தாளிக்கும்போது மூடி போடுவதும் பத்தியத்தைவிட அதிகப் பயன் தரும்.

உணவுக்கு உண்மையான பங்குள்ள இடங்களையும் மறைக்கக் கூடாது. முதலாவது ரோசேசியா. கன்னமும் மூக்கும் அடிக்கடி சிவந்து கனலும் இந்தத் தோல் நோய் இமையையும் பிடிக்கும். கொதிக்கும் காபி, கடுங்காரம், மது ஆகியவை முகத்தில் இரத்த ஓட்டத்தைக் கூட்டி எரிச்சலைத் தூண்டும் என்பது நன்கு அறியப்பட்டது. கருமையான தோலில் சிவப்பு எளிதில் தெரியாததால் நம்மவர்களிடம் இது கண்டுபிடிக்கப்படாமலே போகிறது. சாப்பிட்டதும் முகம் கனன்று கண்ணும் எரிந்தால் தோல் மருத்துவரிடம் இந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். இரண்டாவது, சரியாகக் குளிர வைக்காத மீன். சூரை, கானாங்கெளுத்தி, மத்தி போன்றவற்றின் சதையில் பாக்டீரியாக்கள் ஹிஸ்டமினை உண்டாக்கிவிடும். கொதிக்க வைத்தாலும் அது அழியாது. சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து, தலை வலித்து, கண் சிவந்து எரியும். சில மணி நேரத்தில் அடங்கிவிடும். அது கெட்ட மீனின் நஞ்சு. அதை மீன் அலர்ஜி என்று எண்ணி வாழ்நாள் முழுக்க மீனை விட்டவர்கள் இருக்கிறார்கள். ஆனால் எதனால் வந்தது என்பதை நீங்களாக முடிவு செய்யாமல் ஒவ்வாமை மருத்துவரிடம் உறுதி செய்துகொண்ட பிறகே மீண்டும் மீன் பக்கம் போக வேண்டும். மூன்றாவது, கோதுமையின் குளூட்டன் குடலைத் தாக்கும் சீலியாக் நோய். வயிற்றுப் போக்கும் இரத்தசோகையும் கூட இருந்தால் நினைக்க வேண்டியது. கோதுமையை நிறுத்திவிட்டால் இரத்தச் சோதனை தவறான விடை தரும் என்பதால், சோதனைக்கு முன் சப்பாத்தியை நிறுத்தாதீர்கள்.

சூட்டு உணவு, குளிர்ச்சி உணவு என்ற நம் வழக்கத்தை எங்கே வைப்பது என்ற கேள்வி இங்கே எழும். உடம்புச் சூட்டால் கண் எரிகிறது, எண்ணெய் தேய்த்துக் குளித்து, மோரும் இளநீரும் குடித்தால் சரியாகும் என்பது தலைமுறைகளின் அனுபவம். அதை ஒதுக்கித் தள்ள எனக்கு மனமில்லை, அவசியமும் இல்லை. வெயிலில் அலைந்து நீரிழந்தவருக்கு நீராகாரம் நல்லதுதான். எண்ணெய்க் குளியல் நாளன்று வெந்நீரும் ஓய்வும் திரையில்லாத பகலும் கண்ணுக்குக் கிடைக்கின்றன. ஆனால் அந்தப் பட்டியல் ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு மாறுகிறது. ஒரு வீட்டில் சூடு என்பது அடுத்த வீட்டில் குளிர்ச்சி. எனவே அதைச் சோதிக்க வேண்டிய சந்தேகங்களின் தொகுப்பாக எடுத்துக்கொள்ளலாம், தீர்ப்பாக எடுத்துக்கொள்ள முடியாது. கண்ணுக்குள் விளக்கெண்ணெய், தேன், தாய்ப்பால், பூச்சாறு விடுவதை மட்டும் உறுதியாக மறுக்க வேண்டும். அவற்றோடு போகும் கிருமி கருவிழியில் புண்ணாகி, பார்வையையே எடுத்துக்கொண்டு போகக்கூடும்.

“நான் பாலை நிறுத்தினேன், எரிச்சல் குறைந்துவிட்டது, இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்?” என்பது எல்லாவற்றிலும் வலுவான எதிர்வாதம். பதில் 2018-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் கிடைக்கிறது. கண் வறட்சியுள்ள 535 பேரில் ஒரு பகுதியினருக்கு ஓராண்டு தினமும் 3,000 மில்லிகிராம் ஒமேகா-3 மீன் எண்ணெயும், மற்றவர்களுக்கு அதே தோற்றத்தில் ஆலிவ் எண்ணெயும் கொடுத்தார்கள். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. ஓராண்டு முடிவில் இரு குழுவினரின் தொல்லையும் குறைந்திருந்தது. எவ்வளவு குறைந்தது என்பதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆலிவ் எண்ணெய்க் குழுவில் ஒருவரைத் தனியாகக் கேட்டிருந்தால், மாத்திரைதான் தன்னைக் குணப்படுத்தியது என்று மனதார நம்பிச் சொல்லியிருப்பார். கண் எரிச்சல் ஏறி இறங்கும் நோய். தாங்க முடியாத உச்சத்தில்தான் நாம் எதையாவது நிறுத்துகிறோம். உச்சத்திலிருந்து அது எப்படியும் இறங்கும். இறங்கியதன் புகழ் கடைசியாக நிறுத்திய உணவுக்குப் போய்விடுகிறது. 1994-ல் பிரிட்டனில் செய்த ஒரு பெரிய கணக்கெடுப்பும் இதையே காட்டியது: ஏறத்தாழ 20 சதவீதம் பேர் ஏதோ ஓர் உணவு தங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள், எந்த உணவு என்று தெரியாமல் கொடுத்துச் சோதித்ததிலிருந்து கணக்கிட்டபோது உண்மையானது 1.4 முதல் 1.8 சதவீதம் வரைதான் வந்தது. அந்த 20 சதவீதத்தினர் யாரும் பொய் சொல்லவில்லை. அவர்கள் பட்ட தொல்லை உண்மை, கண்டுபிடித்த காரணம்தான் தவறு.

இரத்தச் சோதனை இந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிடும் என்று எதிர்பார்க்கிறவர்களுக்குப் பக்கத்து மாநிலத்திலிருந்து ஒரு செய்தி. கர்நாடகத்தில் பெரியவர்களிடம் நடத்தி 2016-ல் வெளியிட்ட ஆய்வில் 26.5 சதவீதம் பேரின் இரத்தத்தில் ஏதாவது ஓர் உணவுக்கு எதிரான ஐஜிஇ என்னும் ஒவ்வாமை எதிர்ப்பொருள் இருந்தது. ஆனால் உணவு ஒவ்வாமை இருக்கக்கூடும் என்று கொள்ளத்தக்கவர்கள் 1.2 சதவீதமே. நால்வரில் ஒருவருக்குச் சோதனை ‘ஆம்’ என்கிறது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் அந்த உணவைச் சாப்பிட்டு நலமாக இருக்கிறார்கள். மேலும், நூற்றுக்கும் மேற்பட்ட உணவுகளுக்கு ஒரே குத்தில் பட்டியல் தருவதாக விற்கப்படும் ‘உணவு ஒவ்வாமைத் தொகுப்புகள்’ பல ஐஜிஜி என்னும் வேறொன்றை அளக்கின்றன. ஒரு உணவுக்கு உடம்பு பழகியிருக்கிறது என்பதன் அடையாளம் அது. நோயைக் கண்டறிய அதைப் பயன்படுத்தக் கூடாது என்று ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவ அமைப்பு 2008-லேயே அறிவித்துவிட்டது. அடிக்கடி சாப்பிடும் அரிசியும் துவரம்பருப்பும் பாலும் பட்டியலின் உச்சியில் வருவது இதனால்தான். ஆயிரக்கணக்கில் கொடுத்து அந்தத் தாளை வாங்காதீர்கள். அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல இமைப் பரிசோதனை கிடைக்கும்.

“சரி, தப்பாகவே இருக்கட்டும், சந்தேகத்துக்கு விலக்கி வைத்தால் என்ன நஷ்டம்?” என்று கேட்கலாம். நஷ்டம் கண்ணுக்கேதான். ரிபோஃபிளேவின் எனப்படும் வைட்டமின் பி2 குறைந்தால் வாயோரம் வெடிக்கும், நாக்கு புண்ணாகும், கண் எரிந்து வெளிச்சத்தில் கூசும். அது நிறைய இருப்பது பாலிலும் முட்டையிலும். சந்தேகத்தின் பேரில் முதலில் விலக்கப்படுவதும் பாலும் முட்டையும்தான். இவற்றோடு ஈரலும் போய், கீரையும் பப்பாளியும் ‘ஒத்துக்காது’ என்றாகிவிட்டால் வைட்டமின் ஏ குறைந்து, மாலைக்கண்ணிலிருந்து கண் வறட்சி வரை போகும். வளரும் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் மருத்துவரைக் கேட்காமல் எந்த உணவையும் நிறுத்தக் கூடாது என்று அழுத்திச் சொல்ல இதுவே காரணம்.

இமையையும் காற்றையும் மருந்தையும் பார்த்து, ஆறு வாரம் இமைப் பராமரிப்பும் செய்தான பிறகும் ஏதோ ஓர் உணவின் மேல் சந்தேகம் நிலையாக நின்றால், அதைச் சோதிக்கும் நேரம் வந்துவிட்டது. இமைப் பராமரிப்பு என்பது கை தாங்கும் சூட்டில் நனைத்த சுத்தமான துணியை மூடிய இமைமேல் பத்து நிமிடம் வைத்து, ஆற ஆற மாற்றி, பிறகு இமையை முடி முளைக்கும் பக்கமாக மென்மையாக நீவி, விளிம்பைத் துடைப்பது. தினமும் இரண்டு வேளை. சோதனைக்கு முன் இரண்டு வாரம் உணவில் எந்த மாற்றமும் செய்யாமல் குறிப்பெழுதுங்கள். எழுந்ததும், பிற்பகல் மூன்று மணிக்கு, படுக்கும் முன் என்று மூன்று நேரம் எரிச்சலுக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் போடுங்கள். பக்கத்திலேயே தூங்கிய நேரம், திரை நேரம், இரு சக்கர வண்டிப் பயணம், ஏசி, சமையல், போட்ட சொட்டு, விழுங்கிய மாத்திரை ஆகியவையும் வர வேண்டும். இந்த இரண்டு வாரத்தை அவசரத்தில் தாண்டிவிடாதீர்கள். எதுவும் செய்யாமலே உங்கள் எரிச்சல் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதை வேறு எதுவும் காட்டாது. சும்மாவே 3-க்கும் 7-க்கும் இடையில் ஆடும் எரிச்சல், உணவை நிறுத்தியபின் 5-ல் நின்றால் அதை மாற்றம் என்று சொல்ல முடியாது. பல பேருக்கு இந்தக் குறிப்பேடே விடையைக் கொடுத்துவிடும்: எரிச்சல் கூடிய நாட்களெல்லாம் தூக்கம் குறைந்த நாட்களாக இருக்கும்.

அதன்பின் ஒரே ஒரு உணவை மட்டும் மூன்று வாரம் முழுமையாக நிறுத்துங்கள். பால் என்றால் காபி, தயிர், பிஸ்கட், இனிப்பு எல்லாவற்றிலும். இரண்டு மூன்று உணவுகளைச் சேர்த்து நிறுத்தினால் எது காரணம் என்று தெரியாமலே போய்விடும். மதிப்பெண் தெளிவாகக் குறைந்தால் பாதி வேலைதான் முடிந்தது; அந்த உணவைத் திரும்பச் சேர்த்துப் பார்க்காமல் முடிவு கட்டக் கூடாது. திரும்பச் சேர்ப்பதையும் உங்களுக்குத் தெரியாமல் வேறொருவர் செய்வது சிறந்தது. பாலைச் சோதிப்பவருக்கு, வீட்டில் இன்னொருவர் ஏலக்காயும் வெல்லமும் போட்ட ராகிக் கூழில் சில நாள் இரண்டு கரண்டி பால்பவுடர் கலந்தும் சில நாள் கலக்காமலும் கொடுக்கலாம். நாணயத்தைச் சுண்டி எது என்று முடிவு செய்து, தேதியோடு எழுதி ஒளித்து வைக்க வேண்டியது அவர் பொறுப்பு. ஒவ்வொரு சுற்றும் இரண்டு நாள், நடுவே மூன்று நாள் இடைவெளி. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் “இந்த முறை பால் இருந்தது” அல்லது “இல்லை” என்று நீங்கள் எழுதிவிட வேண்டும். ஐந்து சுற்றும் முடிந்தபின் இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெறும் ஊகத்தால் ஐந்தும் சரியாக வருவதற்கு 32-ல் 1 தான் வாய்ப்பு. ஐந்தும் சரியென்றால் உங்கள் சந்தேகத்துக்கு நல்ல ஆதாரம் கிடைத்துவிட்டது. அந்தத் தாளோடு உணவியலாளரிடம் போய், பாலுக்குப் பதில் என்ன சாப்பிடுவது என்று கேளுங்கள். இரண்டோ மூன்றோ மட்டும் சரியென்றால் பால் நிரபராதி.

இவ்வளவு பாடுபட யாருக்கு நேரமிருக்கிறது என்பார்கள். சோதிக்காமல் விலக்கியவர் அந்தப் பாட்டை வாழ்நாள் முழுக்கப் படுகிறார்: கல்யாணப் பந்தியில், வெளியூர்ப் பயணத்தில், ஒவ்வொரு வேளையும். இன்னும் சிலர், ஐஜிஇ-யில் சிக்காத, எந்தச் சோதனையிலும் தெரியாத உணர்திறன்கள் இருக்கின்றனவே, அவற்றை எப்படி மறுப்பீர்கள் என்பார்கள். மறுக்கவில்லை. ஆய்வகத்தில் அளக்க முடியாத உணர்திறன் ஒன்று இருக்குமானால் அதை வெளிக்கொண்டுவர இருக்கும் ஒரே வழி, தெரியாமல் கொடுத்துப் பார்க்கும் இந்தச் சோதனைதான். எரிச்சல் உண்மையாகவே அந்த உணவால் வருகிறதென்றால், கண்ணுக்கு முன் மறைத்துக் கொடுத்தாலும் அது வந்தே தீரும்.

சோதனையில் தேறிய உணவைத் தயங்காமல் மறுபடி தட்டில் வையுங்கள். இமைச் சூட்டு ஒத்தடத்தை மட்டும் விடாதீர்கள். கண் வலித்தாலோ, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் கூசினாலோ, பார்வை மங்கினாலோ, ஒரு கண் மட்டும் சிவந்து நின்றாலோ, காண்டாக்ட் லென்ஸ் அணிபவருக்கு எரிச்சல் திடீரென்று கூடினாலோ உணவுக் குறிப்பேட்டை மூடி வைத்துவிட்டு அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள்.